பற்றுச்சீட்டில் கார் எங்கே?

மட்டக்களப்பு எழுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கும் சகோதரி ஒருவர் நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் ஊரையும் அடையாளம் காண முடியாதபடி சிலதை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவர் 14 வருடம் கட்டாரில் உழைத்துவிட்டுப் போன வருடம் ஊரோடு வந்துவிட்டார். வந்த சூட்டோடு, நண்பர் ஒருவர் அவரை ஒரு மின்சாரக் கார் கம்பனியின் கூட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கல்லடியில் ஒரு மண்டபம். வாசலில் வெள்ளைக் கார் ஒன்று, லொறியில் ஏற்றி வந்து இறக்கியது. ஏறி இருந்து படம் எடுக்க விட்டார்கள், ஓட விடவில்லை. பற்றரியில் சார்ஜ் குறைவு என்றார்களாம். ஒலுவில் துறைமுகத்தடியில் கார் பொருத்தும் தொழிற்சாலை வருகிறது. இப்போதே புக் பண்ணுபவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கார். அதோடு ‘ஸ்தாபகர் பங்கு’ம் உண்டு. இதெல்லாம் மேடையில் சொன்னது. கணவர் அன்றைக்கே 3 இலட்சம் கட்டிவிட்டார். பிறகு இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துவிட்டு ஆளுக்கு 15,000 ரூபாய் கமிஷனும் வாங்கினார். இப்போது மாவட்ட முகவர் ஆவதற்கு இன்னும் 35 இலட்சம் கேட்கிறார்கள். அதற்காக, சகோதரிக்குச் சீதனமாக வந்த வீட்டையும் படுவான்கரையில் இருக்கும் 2 ஏக்கர் வயலையும் ஈடு வைக்கச் சொல்லி வீட்டில் சண்டை. “டெஸ்லாவையும் முதலில எல்லாரும் சிரிச்சவங்கதான், மறுகா பார்” என்பது கணவரின் வாதம்.

சகோதரி கேட்பது இவ்வளவும்: மின்சாரக் கார் என்பதே ஏமாற்று வேலையா? அரசாங்கத்தில் பதிந்த கம்பனி என்றால் பயமில்லைதானே? யாழ்ப்பாணத்துச் சக ஆசிரியை சொன்னதுபோல, காணி விஷயத்தில் கணவரின் சொல்தான் கடைசிச் சொல்லா? “திருப்பித் தரப்படமாட்டாது” என்று எழுதியிருப்பதால் கட்டிய 3 இலட்சமும் போனது போனதுதானா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைவிட, அதோடு அனுப்பிய பற்றுச்சீட்டின் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகக் கடையில் வாங்கும் சாதாரண பில் புத்தகத்தின் ஒரு தாள். மேலே நீல மையில் கம்பனியின் ரப்பர் முத்திரை. பதிவு இலக்கம் இல்லை. “கிடைத்தது ரூபாய் மூன்று இலட்சம்” என்பதற்குக் கீழே, “அபிவிருத்திக் கட்டணம்” என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, திருப்பித் தரப்படமாட்டாது. அவ்வளவுதான். அந்தத் தாளில் ‘கார்’ என்ற சொல்லே இல்லை. ‘பங்கு’ என்ற சொல்லும் இல்லை. வங்கிச் சிட்டையைப் பார்த்தால், காசு போயிருப்பது கம்பனியின் கணக்குக்கு அல்ல, ஒரு தனியாளின் கணக்குக்கு.

உங்கள் கணவர் அந்தக் காசை எதற்காகக் கொடுத்தார்? கார் வாங்கவா, கம்பனியில் பங்கு சேரவா, வட்டிக்கா, முகவர் வேலைக்கா? கூட்டத்தில் நாலையும் ஒன்றாகக் கலந்து பேசியிருக்கிறார்கள். சட்டத்தில் இவை நாலும் நாலு விதம். கம்பனி நல்லதா கெட்டதா என்று ஆராய்வதற்கு முன் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரக் கார் ஏமாற்று அல்ல. சீனாவின் பிவைடி 1995இல் பற்றரி செய்யும் கம்பனியாகத் தொடங்கி, இன்று உலகத்தில் மிக அதிகமாக மின்சாரக் கார் விற்கும் கம்பனிகளில் ஒன்று. நம்முடைய ரோட்டிலேயே 2015 வாக்கில் வந்த நிசான் லீஃப் கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. நம்மூர் வெயிலில் பல கார்களின் பற்றரி களைத்து, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்துபோனதும் உண்மைதான். ஆனாலும் அது கார். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது காரை அல்ல, காரின் பெயரைச் சொல்லி வாங்கப்படும் காசை.

டெஸ்லாவில் பணக்காரன் ஆனது யார்?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. டெஸ்லா 2003இல் தொடங்கியது. 2008 கடைசியில் கையில் காசு இல்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. முழு வருடக் கணக்கில் முதன்முதலில் இலாபம் கண்டது 2020இல். 17 வருடம்! நடுவில் சிரித்தவர்கள் ஏராளம். 2010 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 17 டொலர். அன்றைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள் பணக்காரர் ஆனார்கள் என்பதும் உண்மை.

ஆனால் அவர்கள் பங்கு வாங்கியவர்கள். பங்குச் சந்தையில், கணக்கு வழக்கைப் பகிரங்கமாகக் காட்டிய ஒரு கம்பனியிடம் வாங்கியவர்கள். அப்போதே டெஸ்லாவின் ரோட்ஸ்டர் கார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதே டெஸ்லாவிடம் கார் புக் பண்ணியவர்களின் கதை வேறு. 2017 நவம்பரில் புதிய ரோட்ஸ்டரைக் காட்டி, 2020இல் வரும் என்று சொல்லி, 50,000 டொலர் முற்பணம் வாங்கினார்கள். 2020 வந்தது, போனது, கார் வரவில்லை. சைபர்ட்ரக் வண்டியை 2019இல் 39,900 டொலரிலிருந்து என்று அறிவித்தார்கள். முதல் வண்டிகள் கைக்கு வந்தது 2023 நவம்பரில், அந்த விலையில் அல்ல. டெஸ்லாவின் பங்கு எவ்வளவு ஏறினாலும், புக்கிங் பற்றுச்சீட்டு வைத்திருந்தவருக்கு அதில் ஒரு சதமும் சேரவில்லை. முற்பணம் கட்டியவர் கம்பனியின் சொந்தக்காரர் அல்ல. அவருக்குக் கம்பனி கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் ஈடு எதுவும் இல்லாத கடன்.

கம்பனி விழுந்தால் முற்பணம் கட்டியவர் எங்கே நிற்பார் என்பதற்கு, மின்சாரக் கார் செய்த ஃபிஸ்கர் கம்பனியைப் பாருங்கள். அது மோசடிக் கம்பனி அல்ல. கார் உண்மையானது, ஒஸ்ரியாவில் பேர்பெற்ற தொழிற்சாலையில் செய்தார்கள், 2023இல் ஆட்களின் கைக்கும் போனது. 2024 ஜூனில் கம்பனி வங்குரோத்து. மிஞ்சிய மூவாயிரத்துச் சொச்சம் கார்களையும் நியூயோர்க்கில் வாடகைக் கார் நடத்தும் ஒரு கம்பனி மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது. முழு விலையும் கொடுத்துக் கார் வாங்கியவர்கள், உதிரிப்பாகத்துக்கும் மென்பொருளுக்கும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

நிகோலா என்ற லொறிக் கம்பனி இன்னொரு வகை. 2018இல் ஒரு வீடியோ வெளியிட்டார்கள், பெரிய லொறி ஒன்று ரோட்டில் ஜோராக ஓடுகிறது. பிறகுதான் தெரிந்தது, அது தன் மோட்டாரில் ஓடவில்லை, இறக்கத்தில் உருண்டு வந்தது. இடையில் 2020 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்து, சில நாள் ஃபோர்ட் கம்பனியைவிடப் பெறுமதி கூடியதாகவும் நின்றது. ஸ்தாபகர் ட்ரெவர் மில்டன் 2022இல் மோசடிக் குற்றவாளியாகக் காணப்பட்டார், 4 வருடச் சிறை விதித்தார்கள். 2025 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்து, ஒரு நாளும் உள்ளே இருக்காமல் தப்பினார். கம்பனி அதற்கு முந்திய மாதமே வங்குரோத்து. மட்டக்களப்பில் லொறியை உருட்டிவிட மேடு தேடித்தான் அலைய வேண்டும், அதனால்தான் கல்லடியில் காரை நிறுத்தியே வைத்திருந்தார்களோ என்னவோ.

நிகோலாவையும் ஃபிஸ்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு நடக்கும் என்று சொன்னது நடக்காமல் போனால் அது பெரும்பாலும் சிவில் வழக்கு. இன்றைக்கு இருக்கிறது என்று சொன்னது இல்லையென்றால் அது குற்றம். நம்முடைய தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம், 403ஆம் பிரிவுகள் சொல்லும் ‘வஞ்சித்தல்’ அதுதான். “ஒலுவிலில் தொழிற்சாலை வரும்” என்றார்களா, “அனுமதி கிடைத்துவிட்டது” என்றார்களா? “வெளிநாட்டுக் கம்பனியோடு பேசுகிறோம்” என்றார்களா, “ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது” என்றார்களா? பொலிஸுக்குப் போனால், “இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்புவது வழமை. அப்படி அனுப்பாமல் முறைப்பாட்டை எழுத வைப்பது இந்த வேறுபாடுதான். ஆகவே கணவரின் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தால் ஒன்றையும் அழிக்க விடாதீர்கள்.

ஒலுவில் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். துறைமுக வாயில் மண் மூடி மீன்பிடி வள்ளமே போய்வர முடியாமல் தவித்த இடம் அது.

பதிந்த கம்பனி என்றால்?

பதிவுச் சான்றிதழ் என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிள்ளை பிறந்தது என்று சொல்லும், நல்ல பிள்ளை என்று சொல்லாது. கம்பனிப் பதிவாளரிடம் படிவமும் கட்டணமும் கொடுத்தால் யாரும் பதியலாம். கார் விற்கவோ, வைப்பு வாங்கவோ, பங்கு விற்கவோ அது அனுமதி அல்ல.

நீங்கள் அனுப்பிய துண்டுப் பிரசுரத்தில் பெயருக்குப் பின்னால் ‘தனியார்’ என்று இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனி பொதுமக்களைக் கூப்பிட்டுப் பங்கு விற்க முடியாது. ஊழியர்களைத் தவிர்த்து, பங்காளர் 50 பேருக்கு மேல் இருக்கவும் முடியாது. மண்டபத்தில் 200 கதிரை போட்டு ‘ஸ்தாபகர் பங்கு’ விற்றார்கள் என்றால் ஒன்று அது பங்கு இல்லை, இல்லாவிட்டால் அது சட்டப்படியான விற்பனை இல்லை.

மாதாமாதம் இவ்வளவு வரும் என்று வாக்குறுதி கொடுத்துக் காசு வாங்கினால் அது வைப்பு என்ற கணக்கில் போகும். மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் வைப்பு வாங்குவது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்கீழ் குற்றம். அனுமதி பெற்றவர்களின் பட்டியலை மத்திய வங்கி பகிரங்கமாகவே வைத்திருக்கிறது. 1935க்கு அழைத்துக் கம்பனியின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

அந்த இரண்டு கமிஷன்

நீங்கள் இதைக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த வரிதான். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. தொடங்குகிறவரை மட்டும் அல்ல, விளம்பரப்படுத்துகிறவர், நடத்துகிறவர், நிதியளிக்கிறவர் எல்லாரையும் அது பிடிக்கும். சிறையும் அபராதமும் உண்டு. இரண்டு பேரைச் சேர்த்துக் கமிஷன் வாங்கியதாலேயே இது பிரமிட் ஆகிவிடாது. உண்மையான காரை விற்றுத் தரகு வாங்குவது தொழில்தான். ஆனால் கார் ஒன்றுமே கைமாறாமல், புதிதாகச் சேர்கிறவரின் காசிலிருந்து பழையவருக்குப் பங்கு போனால் கதை மாறும். ‘மாவட்ட முகவர்’ என்ற பெயரோடு அவர் உட்கார்ந்தால், நாளைக்குக் கூட்டாளிகள் தேடி வருவது கொழும்பு அலுவலகத்தை அல்ல, உங்கள் வீட்டுப் படலையை. இனி ஒருவரையும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த 30,000ஐயும் அந்த இருவருக்கே திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உங்கள் வீடும் வயலும்

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை எழுதிக் கொடுப்பதற்கும் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் வடக்குக்கு. மட்டக்களப்பாரான உங்களுக்கு அது இல்லை. இங்கே பொதுச் சட்டம். 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டப்படி, உங்கள் பெயரில் உள்ள உறுதி உங்களுடையது மட்டும். உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு நொத்தாரிசாலும் அதை ஈடு எழுத முடியாது. சீதனமாக வந்தது என்பதால் அதில் அவருக்குத் தானாக உரிமை வந்துவிடவும் இல்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நீங்கள் கையெழுத்து வைத்துவிட்டால், கடன் அவருடையது, காசு கம்பனிக்குப் போனது, நான் ஒன்றும் அனுபவிக்கவில்லை என்ற கதை எதுவும் எடுபடாது. காணி போகும். வங்கி மறுத்து, தனியாரிடம் போனால் இன்னும் மோசம். “ஈடு எழுதினால் செலவு கூட, அறுதியாக எழுதித் தாங்க, காசு தந்ததும் திருப்பி எழுதித் தாறோம்” என்பார்கள். வாய்ப்பேச்சை நம்பி அறுதி உறுதியில், அதாவது முழு விற்பனைப் பத்திரத்தில், கையெழுத்து வைத்துவிட்டு என் அலுவலகத்தில் வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயல் உறுதிக் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால், முன்கூட்டிய எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்றுவதே செல்லாது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உறுதிகள் வீட்டு அலுமாரியில் இருந்தால், வங்கிப் பெட்டகத்திலோ உங்கள் தாயார் வீட்டிலோ வையுங்கள். இது கணவர்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, கணவரை நெருக்குகிறவர்கள்மேல்.

கட்டிய 3 இலட்சம்

போனது போனதுதான் என்று விட வேண்டாம். “திருப்பித் தரப்படமாட்டாது” என்ற வரி, விற்பவர் காரோடு தயாராக நிற்கும்போது நீங்கள் மனம் மாறினால்தான் கடிக்கும். அவர்களே தரத் தவறினால், ஒப்பந்தத்தை முறித்துக் காசைத் திருப்பிக் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. பற்றுச்சீட்டில் தவணைத் திகதி இல்லாததால் முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் போக வேண்டும்: இன்ன திகதிக்குள் கார் தாருங்கள், இல்லாவிட்டால் காசைத் தாருங்கள் என்று, பதிவுத் தபாலில். அதை நீங்கள் அனுப்ப முடியாது, காசு கட்டியவர் அவர், அவர் பெயரில்தான் போக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் என்றால் வழக்கிட 6 வருடம், வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம். இந்தப் பற்றுச்சீட்டை எழுத்து ஒப்பந்தம் என்று நீதிமன்றம் ஏற்குமா என்பதில் எனக்கே சந்தேகம் இருப்பதால் 3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் (1977) முறையிட மூன்று மாதக் கெடு இருக்கிறது, அதற்குள்ளேயே போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாத அந்தக் கூட்டாளிகள், சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போகலாம்.

அப்புறம், உங்கள் கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அது சட்டக் கேள்வி அல்ல, என்றாலும் சொல்கிறேன். அவர் முட்டாள் இல்லை. 14 வருடம் பாலைவன வெயிலில் நின்றவர், ஊரில் நாலு பேர் மதிக்க ஒரு தொழில் தேடுகிறார். “ஏமாந்துபோனீங்க” என்றால் அவர் இன்னும் 35 இலட்சம் கட்டித்தான் தன்னை நிரூபிப்பார். அதற்குப் பதிலாக, “முகவர் என்றால் இந்தக் கேள்விகளை நீங்கள்தானே கேட்க வேண்டும்” என்று சொல்லிப் பாருங்கள். கல்லடிக்குக் கொண்டுவந்த காரின் சட்டக இலக்கம் என்ன, அது சுங்கத்தைத் தாண்டியதற்கான பத்திரம் எங்கே? மின்சாரக் காருக்கு உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட் கணக்கில் போடுகிறார்கள். இந்தக் கார் எத்தனை கிலோவாட், வரியும் 18 வீத வற்வரியும் சேர்த்து மூன்றில் இரண்டு விலைக்கு எப்படித் தருவார்கள்? இங்கே பொருத்துவதற்குக் கைத்தொழில் அமைச்சின் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுவார்களா? கார் விற்றுப் பழகிய எவரும் இவற்றுக்கு அரை நாளில் பதில் தருவார். பதிலுக்குப் பதில் இன்னொரு கூட்டத்துக்கு அழைத்தால், அதுவே பதில்.

மின்சாரக் கார்தான் வேண்டும் என்றால், 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. நாட்டுக்குள் வந்து நிற்கும், நீங்களே ஓட்டிப் பார்க்கக்கூடிய கார்கள் விற்பனையில் இருக்கின்றன. பிரசுரத்தில் 400 கிலோமீற்றர் ஓடும் என்று இருந்தால், ஏசியும் போட்டு நாலு பேரும் ஏறி மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போகும்போது வழியில் ஓரிடத்தில் சார்ஜ் போட வேண்டி வரலாம் என்று கணக்குப் போடுங்கள். பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் வரும் நாளில் மிச்சக் காசைக் கொடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். பற்றுச்சீட்டின் மூலப்பிரதியும் வங்கிச் சிட்டையும் உங்கள் கையில் இருக்கட்டும். கோரிக்கைக் கடிதம் போனதும் யாராவது வீட்டுக்கு வந்து, “பழைய பற்றுச்சீட்டில் பிழை இருக்கு, தாங்க, புதுசு எழுதித் தாறோம்” என்று கேட்கக்கூடும். போட்டோப் பிரதியைக் கொடுத்து அனுப்புங்கள்.